ரீடிங்கம்மாவின் முதுகு

“...டாக்டர் சொன்னது கரெக்ட்டுதான் சார், அதுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீங்க இப்டி எதுக்க நின்னுகினு அது மூஞ்சியவே பாத்துகினு இருந்தா அது எப்டி வெளிய வரும்? பாக்குறதும் ஒரு அடிதான் சார். கையால அடிச்சா ஒரு வாட்டி. கண்ணால அடிச்சா நாள் முச்சூடும்.”

இதைச் சொன்னபோது ரீடிங்கம்மா எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், மீட்டர் பெட்டிக்கு எதிரே, சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் அந்தப் பெட்டி இருந்த காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி. முதுகு எனக்கும், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த நாய் ஜூலிக்கும். அவர் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தார், நான் அவர் முதுகிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தெருவில் போகிற யாராவது எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர் அவர். பெயர் தெரியாது. ஏழெட்டு வருஷம் வந்தார், ஒரு நாளும் கேட்டதில்லை. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டிலும் அவர் ரீடிங்கம்மாதான். இப்போது வேறொரு பெண் வருகிறாள். நல்ல பெண்தான். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. எனக்கென்னவோ இரண்டு மாதம் ஆகிறபோது இன்னமும் அந்தச் சந்துப் பக்கம் போய் நிற்கத் தோன்றும்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சேலைக்கு மேலே ஆம்பிளை முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு, தோளில் நைலான் பை. சட்டை செத்துப்போன வீட்டுக்காரருடையது. அவர் கம்பத்தில் ஏறுகிற வேலையில் இருந்து, கம்பத்தால் ஒன்றும் ஆகாமல், மஞ்சள் காமாலையில் போனவர். வாரிசு வேலை இவருக்கு வந்தது. “இது அவரு செத்து வாங்கிக் குடுத்த வேலை சார். லீவு போட மனசு வராது” என்பார். கோவளத்தில் வீடு. அங்கிருந்து பஸ் மாறி பஸ் மாறி வருவார்.

அவரிடம் ஒரு பழக்கம். யாரையும் நேருக்கு நேர் பார்க்கமாட்டார். கேட்டைத் திறந்தால் ஒருச்சாய்த்துத்தான் உள்ளே வருவார், கூட்டமான பஸ்ஸில் நுழைகிற மாதிரி. பேசினால் பக்கத்துச் செம்பருத்தியிடம் பேசுவார். திமிர் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. என் மனைவிக்கும் அந்த அபிப்பிராயம்தான் முதலில்.

“போன தடவை வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டியேம்மா, நான் உள்ளதான இருந்தேன்? ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?”

ரீடிங்கம்மா மீட்டரைப் பார்த்தபடியே, “குடுத்தேன்மா. நீங்க அழுதுகினு இருந்தீங்க. அதான் பூட்டுன்னு போட்டுட்டேன்” என்றார்.

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் தங்கை இறந்து அப்போது மூன்று மாதம். நான் கடைக்குப் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு ரீடிங்கம்மா கார்டில் எண்ணை எழுதிவிட்டுப் போகவில்லை. அப்படியே முதுகைத் திருப்பிப் படியில் உட்கார்ந்தார். என் மனைவி அந்த முதுகைப் பார்த்து அரைமணி நேரம் பேசினாளாம். ராத்திரி சோறு போடும்போது என்னிடம் சொன்னாள்: “அந்தம்மா என் மூஞ்சியைப் பாத்து கேட்டிருந்தா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லியிருப்பேங்க.”

நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். தாம்பரத்தில் டூவீலர் சீட் கவர் தைக்கிற கடை முப்பது வருஷம் வைத்திருந்தேன். நான் படித்ததெல்லாம் காதால் படித்ததுதான். யாராவது நறுக்கென்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு முழுக்க அது வாயிலேயே கிடக்கும். ரீடிங்கம்மாவிடம் அந்த மாதிரி வார்த்தைகள் மூட்டை மூட்டையாக இருந்தன.

முனை வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது, கன்றுக்குட்டி உயரம். கூரியர்காரரைக் கடித்தது, காஸ் போடுகிறவரைக் கடித்தது, வீட்டு மாப்பிள்ளையையே ஒருமுறை கடித்தது. ரீடிங்கம்மாவை மட்டும் விட்டுவிடும். எப்படி என்று கேட்டேன்.

“நாய் என்னைப் பாக்கட்டும், நான் மீட்டரைப் பாக்குறேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா ஊர்ல இன்னா சார் பேஜாரு?”

“கடிச்சதே இல்லையா உங்களை?”

“ஒரே வாட்டி. வேற ஏரியாவுல. அது நாய் தப்பு இல்ல. அவசரத்துல நேரா போய்ட்டேன். நேரா வர்றவன் இன்னாத்துக்கு வர்றான்னு அதுக்கு எப்டி சார் தெரியும்?”

இந்தக் கலையை எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, கோவளத்தில் மீன் விற்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்காரர் போன பிறகு ஒரு வருஷம் இவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், அழு என்றார்கள், அழாதே என்றார்கள். அந்த மீன்காரப் பெண் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு மீனை ஆய்ந்து, இவர் பக்கம் பாராமலே பையை நீட்டுவாள். “ஒரு வருசம் கழிச்சு முத முதல்ல அவகிட்டதான் சார் பேசுனேன். சங்கரா வேணாம், காரப்பொடி குடுன்னேன். அவ்ளோதான் பேச்சு. ஆனா அன்னிக்குதான் தொண்டை தொறந்துது.”

ஜூலி எங்கள் நாய் அல்ல. பக்கத்து வீட்டு மாஸ்டருடையது. மாஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தனி ஆள். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம், ஒரே மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு, மற்ற நாள் ஏரிக்கரையில் நடை, மிச்ச நேரமெல்லாம் ஜூலி. பழுப்பு நிற நாட்டு நாய், முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. அது குரைக்காத ஜீவன் தெருவில் கிடையாது. தபால்காரர், தண்ணி லாரி, காக்கா, காற்றில் ஆடுகிற பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும். ரீடிங்கம்மா வருகிற நாளில் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடும். நாங்கள் எல்லாரும் முகம் சுளிப்போம். அவர் மட்டும் சந்தோஷமாக வருவார்.

“குலைக்கிற நாய்க்கு நம்ம மேல நம்பிக்கை கீது சார். சொன்னா கேப்பாங்கன்னுதானே குலைக்குது?”

வழக்கமான அவருடைய வார்த்தைகளில் ஒன்று என்று வாயில் போட்டு மென்றுகொண்டேன். அதன் ருசி எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரம் என் மனைவி பெண் வீட்டுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை காலையிலிருந்து ஜூலி குரைத்துக்கொண்டே இருந்தது. வழக்கமான குரைப்பு இல்லை, விடாத குரைப்பு. மாஸ்டர் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போய்விட்டார், நாயை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார் என்றே தெருவில் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். தெருவின் வாட்சப் குரூப்பில், ‘மாஸ்டர், தயவுசெய்து ஜூலிக்கு ஏதாவது ஏற்பாடு செய்யவும்’ என்று ஒருவர் போட்டார். அதற்குக் கீழே கும்பிடு போட்டுப் பன்னிரண்டு பேர். மாஸ்டர் அதைப் படிக்கவே இல்லை என்று ஒருவர் போனை நோண்டிப் பார்த்துச் சொன்னார். ‘படிச்சா பதில் போடணுமே, அதான் படிக்கல’ என்று இன்னொருவர். அதற்கு நான் ஒரு சிரிக்கிற பொம்மை போட்டேன். நான்தான்.

மாஸ்டர் சமையலறையில் விழுந்து கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, எழுந்திருக்க முடியவில்லை.

ஜூலி வெளியே காம்பவுண்டுக்குள் இருந்தது. கேட்டுக்கு வரும், தெருவைப் பார்த்துக் குரைக்கும். உடனே திரும்பிச் சமையலறை ஜன்னலுக்கு ஓடும். அங்கே நின்று குரைக்கும். மறுபடி கேட்டுக்கு ஓடி வரும். இதை நான் என் வீட்டு வாசலில் நின்று என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, நாய்க்கு வெறி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தலை வெடிக்கிற மாதிரி இருந்தது. சந்தில் கிடந்த பழைய தண்ணீர்க்குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு போய் மாஸ்டர் வீட்டு இரும்பு கேட்டில் அடித்தேன். ஜூலி கேட்டுக்கு ஓடி வரும்போதெல்லாம் அதன் முகத்துக்கு நேராக அடித்தேன். நாயின் மேல் ஒரு அடி படவில்லை. கேட்டில்தான். தெருவே அதிர்ந்தது. கடைசியில் அது உள்ளே நின்ற மாஸ்டரின் ஸ்கூட்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு குரைப்பு நின்றது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பால் போடுகிற பெண், கேட்டில் தொங்கிய பையில் முந்தின நாள் பாலும் அதற்கு முந்தின நாள் பாலும் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கதவை உடைத்தோம். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

கனடாவிலிருந்து மகள் வந்து நான்கு நாள் இருந்தாள். போகும்போது, “அங்கிள், ஜூலியை...” என்று ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க ரொம்ப நல்லவங்க அங்கிள்” என்றாள்.

அதற்குப் பிறகு ஜூலி குரைக்கவில்லை. ஒரு தடவைகூட. தண்ணி லாரி வந்தாலும் இல்லை, காக்கா வந்தாலும் இல்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததுதான். நாய் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். தெருவில் ஒருவர், “உங்ககிட்ட வந்ததும் எவ்வளவு டிசிப்ளின் ஆயிடுச்சு பாருங்க” என்றார்.

இந்த நிலைமையில்தான் ரீடிங்கம்மா வந்தார். சந்துக்குள் ஒருச்சாய்த்து நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது மாஸ்டர் வூட்டு ஜூலிதானே? ஏன் சார் சத்தம் காட்டல?”

சொன்னேன். மாஸ்டர் விழுந்ததைச் சொன்னேன், நாய் இரண்டு நாள் குரைத்ததைச் சொன்னேன், யாருக்கும் புரியவில்லை என்று சொன்னேன். குழாயை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் தோள் பையை இறக்கித் தரையில் வைத்தார். பிறகு, “அப்போ கூப்டு கூப்டு பாத்துட்டு வுட்டுட்ச்சு” என்றார். அப்புறம்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் ஆரம்பத்தில் சொன்னது அன்றைக்கு நடந்ததுதான்.

அன்று அவர் சொல்லிக் கொடுத்தவை: முகத்தைப் பார்க்காதே. குனிந்து தலையைத் தடவப் போகாதே. சோற்றை வைத்துவிட்டு அந்த இடத்தைவிட்டுப் போய்விடு, தின்கிறதா என்று நின்று பார்க்காதே. ஒரே நேரம், ஒரே தட்டு, ஒரே இடம். பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிடலாமா என்று கேட்டேன். “பிஸ்கட்டுக்கு வயிறு வரும் சார், நாய் வராது” என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்.

“காலை நீட்டி ஒருச்சாச்சுப் படுத்துத் தூங்குதா?”

கவனித்ததில்லை என்றேன்.

“அதைப் பாருங்க. துன்னுறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பயந்த நாயும் துன்னும். படுத்துத் தூங்குதான்னு பாருங்க.”

பார்த்தேன். தூங்கவில்லை. உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடும். தலை தொங்கும். தொங்கியதும் திடுக்கிட்டு நிமிரும். டிக்கெட் வாங்காமல் ரயிலில் உட்கார்ந்திருப்பவன் தூங்குகிற தூக்கம்.

அடுத்த முறை வந்தபோது மாஸ்டருடைய பழைய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மாஸ்டர் வீட்டுக் கொடியில் ஒரு துண்டு மழையிலும் வெயிலிலும் தொங்கிக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதை எடுத்து வந்து என் மனைவி கல்லுக்குப் பின்னால் போட்டாள். ஜூலி ஒரு நாள் முழுக்க அதைத் தொடவில்லை. மறுநாள் காலை பார்த்தால் முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைத்திருந்தது. என் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிடப் போனாள், நான் தடுத்தேன். பெயர் இப்போதைக்கு வேண்டாம் என்று ரீடிங்கம்மா சொல்லியிருந்தார். “அந்தப் பேரு அவரு வாயில இருந்த பேரு. கொஞ்ச நாள் காலியா இருக்கட்டும்.”

மூன்றாவது முறை நடந்ததை என் மனைவி பார்த்தாள், நான் பார்க்கவில்லை. ரீடிங்கம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, ஜூலி கல்லைவிட்டு வெளியே வந்ததாம். ஓரடி வரும், நிற்கும். வந்து அந்த முழுக்கைச் சட்டையின் முதுகில் மூக்கை வைத்ததாம். வைத்த மூக்கை எடுக்கவில்லை. ரீடிங்கம்மா அசையவில்லை. கால் மரத்துப்போய், ரீடிங் எடுக்கவேண்டிய வீடுகள் பாதித்தெருவுக்குப் பாக்கி இருக்க, இருபது நிமிஷம் சிலை மாதிரி இருந்தாராம். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று அழுதிருக்கிறாள். விஷயம் தெரியாமல் நான் சந்து முனையில் தலையை நீட்டினேன்.

அவ்வளவுதான். ஜூலி கல்லுக்குப் பின்னால்.

“வந்துட்டீங்களா” என்றார் ரீடிங்கம்மா சுவரிடம். கார்டை எடுத்து எழுதும்போது கேட்டார். “படுத்துத் தூங்குதா சார்?”

“தூங்குது” என்றேன்.

“காலை நீட்டி?”

“ம்.”

எதற்குப் பொய் சொன்னேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது. அது ஒருநாள் என்னிடம் வந்துவிட்டால், என் காலில் ஒரே ஒருமுறை மூக்கை வைத்துவிட்டால், நான் செய்ததை யாரிடமும் சொல்லாமலே அது முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ஒரு தொடுகைக்காகத்தான் சோறு வைத்தேன், கண்ணைத் தாழ்த்தினேன், என் வீட்டுச் சந்தில் நானே திருடன் மாதிரி நடந்தேன். ஜூலி என் மனைவியின் கையிலிருந்து சப்பாத்தி வாங்கித் தின்ன ஆரம்பித்திருந்தது. நான் வைத்த சோற்றையும் தின்றது, நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு.

நான்காவது முறை ரீடிங்கம்மா வந்தது ஒரு மத்தியானம். என் மனைவி உள்ளே சமையலில் இருந்தாள். ரீடிங்கம்மா தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார், ஜூலி வெளியே வந்து அவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் துண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. நான் சந்து முனையில், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு அனுமதி.

தண்ணி கேன் போடுகிற ஆள் வந்தார். கேனை இறக்கிவிட்டு, போகிற அவசரத்தில் எங்கள் கேட்டை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார். இரும்பு கேட், கொண்டி இரும்பில் விழுந்த சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஜூலிக்கு உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. துண்டு நனைந்து, ஓரத்தில் ஒழுகி வந்தது. அது ஓடக்கூட இல்லை. நடுங்கிக்கொண்டு என்னையே பார்த்தது.

ரீடிங்கம்மா திரும்பாமலே கேட்டார். “சார், கேட்டு எந்தப் பக்கம் கீது?”

“அந்தப் பக்கம். தெருவுல.”

“சத்தம் கேட்டா நாய் சத்தம் வந்த பக்கம் பாக்கும். இது எங்க பாக்குது?”

நான் மறுபடி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எனக்குக் கண்ணாடில தெரியுது” என்றார். மீட்டர் பெட்டியின் கண்ணாடி மூடியைச் சொன்னார். அதில் சந்து முழுக்கத் தெரியும் என்று ஏழெட்டு வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. “உன்னைப் பாக்குது. அம்மாகிட்ட போவுது, எங்கிட்ட வருது. உங்கிட்ட மட்டும் எட்டு மாசமா வரல. எதுவோ வுட்டுட்டுக் கதை சொல்ற நீ.”

அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

சொன்னேன். அந்தச் சந்தில் நின்று, அவருடைய முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். குழாயைச் சொன்னேன். முகத்துக்கு நேராக அடித்ததைச் சொன்னேன்.

“எத்தினி வாட்டி?”

“கேட்டைத்தாங்க. நாயை இல்ல.”

“எத்தினி வாட்டின்னு கேட்டேன்.”

“எண்ணல. அது ஸ்கூட்டருக்கு அடியில போற வரைக்கும்.”

“எப்போ?”

“ஞாயித்துக்கிழமை காலைல. பத்து மணி.”

“உள்ள அவரு எப்போ போனாரு?”

“மத்தியானம் வரைக்கும் இருந்திருப்பாருன்னு...”

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலும் அடித்தது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அம்மாக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஊர்ல இல்ல அப்போ.”

“ம்.”

“நான் சரி பண்ணிடுறேங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்றேன். இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல. ஒரு நாளைக்கு என்கிட்ட...”

“வரும். ஒரு நாளைக்கு வந்து நக்கிக்கூடக் குடுக்கும். உனக்கு சரியாயிடும் சார். அதுக்கு?”

நான் துண்டின் ஓரத்தில் ஒழுகிய ஈரத்தைப் பார்த்தேன்.

“அடிச்ச கை சோறு போட்டா நாய் துன்னும். தூங்காது” என்றார். குரலில் கோபமே இல்லை, மீட்டர் எண்ணைப் படிக்கிற குரல். “எட்டு மாசமா அது இங்க காவல் காத்துகினு கீது. வூட்டை இல்ல. உன்னை. நீ எப்போ எழுந்துப்ப, எப்போ நடப்ப, கைல இன்னா வச்சிருப்பன்னு. அது தூங்கறதுக்கு நீ இல்லாத வூடு வோணும்.”

பிறகு, “அம்மா, ஒரு பழைய துணி குடுங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார். என் மனைவி வந்து பார்த்து, ஐயையோ என்று ஓடி ஒரு சேலைத் துண்டு கொண்டு வந்தாள். ரீடிங்கம்மா தரையைத் துடைத்தார். நனைந்த மாஸ்டர் துண்டைப் பிழிந்து, மடித்து, நைலான் பையில் வைத்துக்கொண்டார். என் மனைவிக்குப் புரியவில்லை.

“ஜூலியை நான் வச்சிக்கிறேன்மா. தம்பி மீன் வண்டி சாய்ந்தரம் தாம்பரம் மார்க்கெட்டுலேர்ந்து காலியாத் திரும்பும். அதுல ஏத்திகினு போய்டுறேன். எங்க வூட்டுக்கு கேட்டே கெடையாது.”

“ஏங்க, இப்பத்தானே பழகிட்டு வருது? என்ன ஆச்சு இப்போ? நாங்க சரியாப் பாத்துக்கலையா?” என் மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில்தான் ஜூலிக்கென்று தனியாக ஒரு சப்பாத்தி, உப்பில்லாமல், போட்டு வைத்திருந்தாள்.

“நீங்க நல்லாதான் பாத்துக்கினீங்க. சப்பாத்திய குடுங்க, எடுத்துகினு போறேன். மத்தத சார் சொல்வாரு.”

மீட்டரைப் பார்த்து கார்டில் எண்ணை எழுதினார், தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார், கார்டை மறுபடி பெட்டிக்குள் செருகினார். சந்தில் கிடந்த பழைய கொடிக்கயிறு ஒன்றை ஜூலியின் கழுத்தில் தளர்வாகக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். இழுக்கவில்லை. நடக்க ஆரம்பித்தார், ஜூலியும் நடந்தது. என்னைத் தாண்டும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு தாண்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கேட்டருகே நின்று, கொண்டியை இரண்டு கையாலும் பிடித்து, இரும்பு இரும்பில் படாமல் தூக்கினார். ஜூலியை முதலில் வெளியே விட்டார். எங்கள் வீட்டுக்கு அடுத்து அவர் எப்போதும் ரீடிங் எடுப்பது மாஸ்டர் வீட்டில்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜூலியைத் தன் மறுகைப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்ச்சாரியில் முதல் வீட்டுக்குள் ஒருச்சாய்த்து நுழைந்தார்.